சுவர்க் காடி, கிரானைட் அறுப்பு: தூசி உறிஞ்சும் இயந்திரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கே.கே. நகர் ஒப்பந்ததாரர்:

வணக்கம். மதுரை கே.கே. நகரில் குடியிருப்பாக இருந்த ஒரு மாடிக் கட்டடத்தை மருத்துவ ஆய்வகமாக மாற்றித் தரும் வேலையை ஏற்றிருக்கிறேன். தரைத்தளத்தில் அலுவலகம் நடந்துகொண்டிருக்கும்போதே மாடியில் மின்குழாய்களைப் பதிக்கச் சுவரில் காடி (நீண்ட பள்ளம்) வெட்ட வேண்டும், பழைய பூச்சைக் கிரைண்டரால் உரசி எடுக்க வேண்டும், படிகளுக்கும் மேடைகளுக்கும் கிரானைட் அறுக்க வேண்டும். தூசி உறிஞ்சி இல்லாமல் கிரைண்டரை ஓட்டக் கூடாது என்றும், அது எம் வகுப்பைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்றும் வேலை கொடுத்த நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலர் எழுத்தில் கொடுத்துவிட்டார். கடைகளில் விசாரித்தால், உணவகங்களில் பயன்படுத்தும் ஈரம்-உலர் வேக்குவம் கிளீனரையே காட்டி "இதுவே போதும்" என்கிறார்கள். எம் வகுப்பு இயந்திரத்தின் விலையோ அதைப்போலப் பல மடங்கு. ஆட்களின் உடல்நலத்தில் சிக்கனம் பார்க்க எனக்கு மனமில்லை. அதே சமயம், பெரும் பணம் கொடுத்து வாங்கியது எங்கள் வேலைக்குப் பொருந்தாமல் மூலையில் கிடக்கவும் கூடாது. வாங்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும்?

தோப்பூர் பாதுகாப்புப் பொறியாளர்:

ஐயா, அந்த அலுவலர் கேட்டிருப்பது முறையானதே. செங்கல், கான்கிரீட், எம்-சாண்ட் பூச்சு, கிரானைட் ஆகிய எல்லாவற்றிலும் குவார்ட்ஸ் எனப்படும் படிகச் சிலிக்கா இருக்கிறது. கிரானைட்டில் அது பொதுவாக ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது. நாம் கண்ணால் பார்க்கும் வெள்ளைப் புகையில் பெரும்பகுதி சற்று நேரத்தில் தரையில் படிந்துவிடும். நுரையீரலின் அடிவரை இறங்கித் தங்கிவிடுவது சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே உள்ள நுண்தூள். அது கண்ணுக்குத் தெரியாமல், வேலை நின்ற பிறகும் வெகுநேரம் அறையில் மிதந்துகொண்டிருக்கும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. காசநோய் வரும் வாய்ப்பையும் அது கூட்டிவிடுகிறது. எக்ஸ்-ரே படத்தில் இவ்விரண்டு நோய்களும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும் என்பதால், கல் அறுப்பவரோ காடி வெட்டுபவரோ நெஞ்சு நோய்க்காக மருத்துவமனைக்குச் சென்றால், தாம் செய்யும் வேலை இன்னதென்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இனி வகுப்புக்கு வருகிறேன். ஐ.ஈ.சி. 60335-2-69 என்ற சர்வதேசத் தரநிலையின்படி, எல் வகுப்பு இயந்திரம் தான் உறிஞ்சும் தூசியில் நூறில் ஒரு பங்கு வரை வெளியே தப்பவிடலாம். எம் வகுப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு வரை. ஹெச் வகுப்பு இலட்சத்தில் ஐந்து பங்கு வரை மட்டுமே. குழாயில் காற்றின் வேகம் நொடிக்கு 20 மீட்டருக்குக் கீழே இறங்கினால் எம் வகுப்பு இயந்திரம் ஒலி எழுப்பி எச்சரிக்கவும் வேண்டும். சாதாரண வேக்குவம் கிளீனரில் அந்த எச்சரிக்கையும் இல்லை. நுண்தூளும் ஃபில்டரைக் கடந்து பின்பக்கக் காற்றோடு அறைக்கே திரும்பி வந்துவிடுகிறது. ஹெச் வகுப்பு வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் அது கையில் இருக்கிறதென்ற தைரியத்தில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை அறுக்கத் துணிய வேண்டாம். அதற்கு முற்றிலும் வேறான நடைமுறைகள் உண்டு.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் 1998ஆம் ஆண்டின் மத்திய விதிகளும் தூசியைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை வேலை கொடுப்பவர் மீதே வைத்தன. அந்தச் சட்டத்தை உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. 2018 ஜனவரியில் மத்திய அரசு கட்டுமானத் தூசித் தடுப்பு அறிவிக்கை ஒன்றையும் வெளியிட்டது. எத்தனை தூசி வரை அனுமதி என்பதற்கு அமெரிக்க வரம்பை நான் அளவுகோலாகக் கொள்கிறேன்: எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்கா.

ஒத்தக்கடை கருவிப் பழுதுபார்ப்பவர்:

வகுப்பைப் பற்றிப் பொறியாளர் ஐயா விளக்கிவிட்டார். நான் இயந்திரங்களைத் திறந்து பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் பார்க்க வேண்டியது உறிஞ்சியை அன்று, கிரைண்டரின் வாயை. பிளேடை முழுமையாக மூடி, சுவரோடு ஒட்டி நிற்கும் உறை இல்லாவிட்டால், எத்தனை விலையுயர்ந்த உறிஞ்சியை இணைத்தாலும் தூசி பக்கவாட்டில் பறந்துவிடும். காடி வெட்ட இரட்டைப் பிளேடு உள்ள காடி இயந்திரத்தையும், பூச்சு உரசத் தூரிகை விளிம்பு உள்ள வட்ட உறையையும் வாங்குங்கள். உறையின் வாய்க்கும் குழாய்க்கும் அளவு பொருந்துகிறதா என்பதைக் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். துணியைச் சுற்றி, டேப் ஒட்டிச் சமாளித்த இணைப்புகள் வேலை தொடங்கிய அன்றே கழன்றுகொள்கின்றன.

அடுத்தது காற்றின் அளவு. அமெரிக்க விதியில் கைக் கிரைண்டருக்குப் பிளேடு விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நிமிடத்துக்கு 25 கன அடி காற்று கேட்கப்படுகிறது. ஐந்து அங்குலப் பிளேடுக்கு அது 125 கன அடி, அதாவது மணிக்கு ஏறத்தாழ 212 கன மீட்டர். விளம்பரத்தாளில் இருப்பது பெரும்பாலும் குழாய் மாட்டாத நிலையில் எடுத்த எண். நீண்ட, ஒடுங்கிய குழாயும் தூசி படிந்த ஃபில்டரும் சேர்ந்தால் அது வெகுவாகக் குறையும். ஆகவே 212 என்று எழுதியிருப்பதை வாங்காமல், அதற்கு நன்றாக மேலே உள்ளதை வாங்குங்கள். வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்சாரமே தவிர, இழுக்கும் காற்று அன்று.

ஃபில்டர் தானாகச் சுத்தமாகும் அமைப்பு உங்கள் வேலைக்கு அவசியம். ஒரு மீட்டர் காடிக்கு 25 மில்லிமீட்டர் ஆழத்தில் இரு கோடுகள் அறுத்தால், கால் கிலோ அளவுக்குத் தூள் வரும். நாற்பது மீட்டர் வெட்டினால் பத்துக் கிலோ. தானாகச் சுத்தமாகாத இயந்திரத்தில் ஃபில்டர் விரைவில் அடைத்துக்கொள்ளும். ஆட்கள் அதைக் கழற்றிச் சுவரில் தட்டுவார்கள். என்னிடம் வரும் பழுதான உறிஞ்சிகளில் நான் அடிக்கடி பார்ப்பது அப்படித் தட்டியதில் மடிப்பு கிழிந்த ஃபில்டரையும், அந்தக் கிழிசல் வழியே போன சிமெண்ட் தூள் அப்பிக்கொண்டு எரிந்த மோட்டாரையும்தான். தூளை முன்னதாகவே பிரித்து வாளியில் விழவைக்கும் சைக்ளோன் ஒன்றையும் இணைத்தால் ஃபில்டரின் ஆயுள் கூடும்.

கே.கே. நகர் ஒப்பந்ததாரர்:

இருவருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள் மிச்சம் உள்ளன. கிரானைட்டை உறிஞ்சியோடு உலர்வாக அறுப்பதா, தண்ணீர் விட்டு அறுப்பதா? ஒரே மின்இணைப்பில் கிரைண்டரும் உறிஞ்சியும் தாங்குமா?

திருநகர் மின்பணிப் பொறியாளர்:

கிரானைட்டைத் தண்ணீரோடு அறுப்பதே மேல்; மொட்டை மாடியில் ஓர் இடத்தை ஒதுக்கி, தண்ணீர்த் தொட்டியும் வழிகாட்டித் தண்டவாளமும் உள்ள அறுக்கும் மேசையில் செய்யுங்கள். ஆனால் நம் ஊரில் பரவலாக நடப்பது வேறு: ஒருவர் சாதாரணக் கிரைண்டரைப் பிடித்திருக்க, உதவியாள் மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலைப் பிளேடின் மேல் பீய்ச்சிக்கொண்டிருப்பார். காற்றுத் துளைகள் வழியாகத் தண்ணீர் மோட்டாருக்குள் புகும் அந்த ஏற்பாடு உயிருக்கு ஆபத்தானது. அதைத் தளத்தில் ஒருநாளும் அனுமதிக்காதீர்கள். ஈர அறுப்புக்கென்றே செய்த கருவி, முறையான எர்த், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றும் வேண்டும். அறுத்த சேற்றை ஈரமாக இருக்கும்போதே வழித்துச் சாக்கில் கட்டிவிடுங்கள். காய்ந்தால் அதுவும் அதே தூசிதான். சாக்கடையில் ஊற்றினால் குழாய் வளைவில் படிந்து இறுகிவிடும்.

மேடைக்கு இயற்கைக் கிரானைட்டை விட்டுச் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையை நிறுவனம் கேட்டால், இரண்டு முறை யோசியுங்கள். அதில் சிலிக்கா 90 விழுக்காட்டையும் தாண்டக்கூடும். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டது.

மின்சுமைக்கு வருவோம். காடி இயந்திரம் 1,400 வாட், உறிஞ்சி 1,200 வாட் என்றால் மொத்தம் 2,600 வாட்; 230 வோல்ட்டில் அது 11 ஆம்பியருக்கு மேல். 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டக் கூடாது. 16 ஆம்பியர் இணைப்பும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளும் கொடுங்கள். கிரைண்டரை மாட்டுவதற்கான சாக்கெட் உறிஞ்சியிலேயே இருந்தால், கிரைண்டரை இயக்கியதும் உறிஞ்சி தானாக ஓடத் தொடங்கும். நிறுத்திய பிறகும் சில நொடிகள் ஓடிக் குழாயில் தங்கிய தூளை இழுத்துவிடும். அவசரத்தில் உறிஞ்சியைப் போடாமலே வெட்டத் தொடங்கும் பழக்கத்துக்கு அது ஒன்றே சரியான மருந்து.

தோப்பூர் பாதுகாப்புப் பொறியாளர்:

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலை ஆளுக்கு மிக அதிகத் தூசி படும் நேரங்களில் ஒன்று, உறிஞ்சியில் தூசி சேரும் பையை மாற்றும் நேரம். ஆகவே வாயை மூடி எடுக்கக்கூடிய பை உள்ள இயந்திரத்தையே கேளுங்கள். மாற்றுப் பைகளும் ஃபில்டரும் மதுரையிலேயே கிடைக்கின்றனவா என்பதை வாங்கும் முன் உறுதிசெய்யுங்கள். பை மாற்றும்போதும் பூச்சு உரசும்போதும், உறிஞ்சி ஓடினாலும், ஐ.எஸ். 9473 என்ற இந்தியத் தரநிலை முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி.2 முகக்கவசம் வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு நுண்தூளைத் தடுக்காது. மாலையில் சித்தாள்களிடம் துடைப்பத்தையோ புளோயரையோ கொடுத்து அறையைப் பெருக்கச் சொன்னால், பகலெல்லாம் பிடித்த தூசியை அவர்கள் சுவாசிக்க வேண்டி வரும். அதே உறிஞ்சியில் தரைக்கான முனையை மாட்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கே.கே. நகர் ஒப்பந்ததாரர்:

தெளிவாகிவிட்டது. தானியங்கிச் சுத்திகரிப்பும் சாக்கெட்டும் உள்ள எம் வகுப்பு உறிஞ்சி ஒன்றும், உறையோடு கூடிய காடி இயந்திரமும் வாங்குகிறேன். அறுக்கும் மேசையை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன். உறிஞ்சியின் விலையை ஒப்பந்தத்தில் தனிச் செலவினமாகச் சேர்க்க நிறுவனத்திடம் கேட்கப்போகிறேன்.

திருநகர் மின்பணிப் பொறியாளர்:

தாராளமாகக் கேளுங்கள், எழுத்தில் நிபந்தனை வைத்தவர்கள் அவர்கள்தாம். வாடகை மேசையை எடுக்கும்போது தண்ணீர் பம்ப் ஓடுகிறதா என்பதையும், பிளக்கில் எர்த் முள் முறியாமல் இருக்கிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.