ரிதம் மெஷினும் ரீப்பரும் ஒன்றாக ஓட மறுக்கின்றன, உதவி தேவை

தவில்வீடு:
வணக்கம். அப்பாவின் தவிலை வீட்டிலேயே பதிவு செய்கிறேன். பின்னணிக்குப் பழைய ரிதம் மெஷின் ஒன்று இருக்கிறது. ஐந்து ஊசி மிடி (இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறை) இணைப்பு உண்டு. விண்டோஸ் மடிக்கணினியில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள், இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்பேஸ், ஒரு யுஎஸ்பி மிடி கேபிள். முதல் உள்ளீட்டில் தவில் மைக், இரண்டாவதில் மெஷின். சாம்பிள் வேகம் 48,000 ஹெர்ட்ஸ். பஃபரை (கணினி ஒரே தடவையில் கையாளும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 1024க்குக் கீழே இறக்கினால் ஒலி படபடவென்று உடைகிறது, அதனால் அங்கேயே விட்டுவிட்டேன்.

ரீப்பரிலும் டெம்போ 96, மெஷினிலும் 96. ரீப்பர் எண்ணி முடிக்கும் நொடியில் மெஷினின் ஸ்டார்ட் பொத்தானை நானே அழுத்துகிறேன். முதல் நிமிடம் பரவாயில்லை. நான்காவது நிமிடத்தில் மெட்ரோனோம் ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கம். அப்பா குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "இதில் இரண்டு பேர் வாசிக்கிறார்களா?" என்று கேட்டார். மிடி கேபிளைச் செருகித்தான் வைத்திருக்கிறேன். பிறகும் ஏன் இப்படி?

நீலத்திரை:
இதற்கு வேர்டு கிளாக் கருவி தேவை. அது இல்லாமல் எதையும் ஒத்திசைக்க முடியாது. கொஞ்சம் விலை அதிகம், ஆனால் ஒருமுறை வாங்கினால் போதும்.

வடம்_ஐந்து:
தம்பி, பணத்தை வீணாக்காதீர்கள். வேர்டு கிளாக் என்பது டிஜிட்டல் கருவிகள் ஒரே வேகத்தில் சாம்பிள் எடுக்கச் செய்வது. ஒரு கருவியின் டிஜிட்டல் வெளியீட்டை இன்னொன்றில் செருகும்போது 'டிக், டிக்' என்று சொடுக்கொலி வந்தால் அங்கே பார்க்க வேண்டியது அது. தாளத்தின் முதல் அடி எங்கே விழுகிறது என்று அதற்குத் தெரியாது. உங்கள் மெஷின் சாதாரண ஆடியோ கம்பியில்தானே வருகிறது?

முதலில் அளந்து பாருங்கள். ரீப்பரில் இன்செர்ட் மெனுவில் கிளிக் சோர்ஸ் (மெட்ரோனோம் ஒலி) இருக்கிறது, அதை ஒரு டிராக்கில் போடுங்கள். மெஷினில் வெறும் ரிம் ஷாட்டை மட்டும் ஓடவிட்டு அடுத்த டிராக்கில் பதிவு செய்யுங்கள். பிறகு அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஆரம்பம், நடு, கடைசி மூன்று இடங்களில் இடைவெளி எத்தனை மில்லி வினாடி என்று எழுதுங்கள். காதால் கேட்டுச் சொல்வது போதாது. 'விலகுகிறது' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன.

தவில்வீடு:
அளந்தேன் அண்ணா. ஆரம்பத்தில் 35, இரண்டாம் நிமிட முடிவில் 140, நான்காம் நிமிட முடிவில் 245. மூன்றிலும் மெஷின்தான் பின்தங்குகிறது.

வடம்_ஐந்து:
சீராகக் கூடுகிறது பாருங்கள். ஆரம்பத்து 35 உங்கள் விரலின் தாமதம். மீதி 210தான் நோய். நான்கு நிமிடத்துக்கு 384 அடி. அதை வாசித்து முடிக்க மெஷின் 240.21 வினாடி எடுத்துக்கொள்கிறது. அதாவது அதன் 96 உண்மையில் 95.92. திரையில் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினாலும் ஓடுவது இரண்டு கடிகாரங்கள். மிடி கேபிள் சும்மா செருகிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

மெஷினின் அமைப்பில் சிங்க் 'இன்டர்னல்' என்று இருக்கும். 'எக்ஸ்டர்னல்' அல்லது 'மிடி' என்று மாற்றுங்கள். ரீப்பரில் பிரிபரன்சஸ் போய், மிடி கருவிகளின் பட்டியலில் உங்கள் கேபிளின் வெளியீட்டைத் திறந்து, மிடி கிளாக் (தாளத் துடிப்பு; வேர்டு கிளாக் அல்ல) அனுப்பும் கட்டத்தில் டிக் போடுங்கள். கேபிளின் முனையில் 'இன்', 'அவுட்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். சில கேபிள்களில் அது கணினியின் கணக்கில் இருக்கும், சிலவற்றில் 'இந்த முனையை இன் துளையில் செருகு' என்ற பொருளில் இருக்கும். வேலை செய்யாவிட்டால் மாற்றிச் செருகுங்கள், எதுவும் எரிந்துவிடாது.

இனி ஸ்டார்ட்டை நீங்கள் தொட வேண்டாம். மிடி கிளாக்கில் ஒரு அடிக்கு 24 துடிப்பு. 96 டெம்போவில் சுமார் 26 மில்லி வினாடிக்கு ஒரு துடிப்பு போகும். மெஷின் அதை எண்ணிக்கொண்டே நடக்கும்.

தவில்வீடு:
முனையை மாற்றிச் செருகியதும் உயிர் வந்தது! ரீப்பரில் பிளே அழுத்தினால் மெஷின் தானாகப் புறப்படுகிறது. இப்போது ஆரம்பத்தில் 19, நடுவில் 22, கடைசியில் 18. மெஷின் திரையில் டெம்போ 95.8க்கும் 96.2க்கும் இடையே துள்ளுகிறது. பாட்டின் நடுவிலிருந்து ஓட்டினால் மட்டும் மெஷின் முதல் பாரிலிருந்தே தொடங்குகிறது.

வடம்_ஐந்து:
முதல் நோய் போய்விட்டது. நிலையாக நிற்கும் 20 தான் இரண்டாவது: தாமதம். பதிவான டிராக்கை 20 மில்லி வினாடி இடப்பக்கம் நகர்த்தினால் தீர்ந்தது. ஏபிள்டன் லைவ் வைத்திருப்பவர்களுக்கு கிளாக்கையே முன்னே பின்னே தள்ள ஓர் அமைப்பு உண்டு.

இரண்டு மூன்று மில்லி வினாடி முன்பின் ஆடுவது மூன்றாவது நோய். அதை முழுதாக ஒழிக்க முடியாது. அந்தக் கம்பியில் கிளாக் தவிர வேறெதையும் அனுப்பாமல் இருந்தால் குறையும். மிடி கம்பியின் வேகம் வினாடிக்கு 31,250 பிட் மட்டுமே. ஒரு சுரத்தை அனுப்பவே கிட்டத்தட்ட ஒரு மில்லி வினாடி ஆகும். பத்து விரலையும் ஒன்றாக வைத்தால் பத்தாவது சுரம் வரிசையில் நின்றுதான் வரும்.

நடுவிலிருந்து ஓட, பாட்டில் எந்த இடம் என்று சொல்லும் தனிச் செய்தி மிடியில் உண்டு. பழைய மெஷின்கள் சில அதைக் கண்டுகொள்வதில்லை. ஆரம்பத்திலிருந்தே ஓட்டுங்கள்.

தவில்வீடு:
நகர்த்திவிட்டேன், கிளிக்கோடு ஒட்டி நிற்கிறது. மிக்க நன்றி அண்ணா. ஆனால் அப்பா இன்னமும் ஒப்புக்கொள்ளவில்லை. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு நான்கு அடி வாசித்துவிட்டு, "என் அடியே என் பின்னால் வருகிறது" என்கிறார். வயதாகிவிட்டது, ஹெட்போன் பழக்கமில்லை என்று நினைக்கிறேன்.

கூடு_மாட்டிய_விரல்:
அப்பாவின் காதைக் குறை சொல்லாதீர்கள். இழையின் முதல் பதிவிலேயே அவர் சரியாகச் சொல்லிவிட்டார், நாம்தான் கிளாக்கைத் துரத்திக்கொண்டு போய்விட்டோம். உங்கள் இன்டர்பேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் போட்டிருக்கிறதா? ரீப்பரில் டிராக்கின் மானிட்டர் அடையாளமும் எரிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஒவ்வோர் அடியும் அவருக்கு இரண்டு முறை கேட்கிறது. ஒன்று மைக்கிலிருந்து நேராக, இன்னொன்று கணினிக்குள் போய்த் திரும்பி. பஃபர் 1024 என்றால் போக 21, வர 21, மொத்தம் 42 மில்லி வினாடிக்கு மேல். தவிலின் வலந்தலையில் அவ்வளவு இடைவெளி என்பது வேறொருவர் அடித்தது போலத்தான் இருக்கும்.

ரீப்பர் மானிட்டரை அணையுங்கள், டைரக்ட் மட்டும் இருக்கட்டும். பஃபரைத் தொட வேண்டியதே இல்லை.

இன்னொன்று. மெஷினின் பகுதி ஏற்கெனவே பதிவாகி, நகர்த்தியும் வைத்தாயிற்று. அப்பா வாசிக்கும்போது மெஷின் எதற்கு ஓட வேண்டும்? அதை அணைத்துவிட்டு, பதிவான டிராக்கை மட்டும் கேட்கவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கேயும் 20 மில்லி வினாடித் தள்ளலோடு இரண்டு மெஷின் கேட்கும்.

நீலத்திரை:
வேர்டு கிளாக் என்று நான் சொன்னது தவறு. பிறர் படித்துக் குழம்ப வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

தவில்வீடு:
இரண்டு மானிட்டரும் எரிந்துகொண்டுதான் இருந்தன. மென்பொருளில் உள்ளதை அணைத்தேன், மெஷினையும் அணைத்தேன். அப்பா பேசாமல் நான்கு நிமிடமும் நிறுத்தாமல் வாசித்தார். முடித்ததும் ஹெட்போனைக் கழற்றி, "இப்போது ஒரே ஆள்தான்" என்றார். அவரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

அடுத்ததாக, 96 இழுக்கிறதாம், 100 வைக்கச் சொல்கிறார். மெஷினை மறுபடி பதிவு செய்ய வேண்டும். பிளே அழுத்திவிட்டு நான்கு நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும் என்பதால் கோபம் வரவில்லை.