கிளிநொச்சி: ஜிடிஎக்ஸ் 1060 இன்னும் தாங்குமோ, மாத்திற நேரம் வந்திட்டுதோ?

பரந்தன்சந்தி:

என்ர கேமிங் மெசின்: கோர் ஐ5-8400 சிபியு, பி360 மதர்போர்ட், 8 ஜிபி ரேம் (ஒரே ஸ்டிக்), ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்ட், 450 வாட் பவர் சப்ளை, 650 விஏ யுபிஎஸ், 1080பி 75 ஹேர்ட்ஸ் மொனிட்டர். வலோரன்ட் கேம் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடுது. சைபர்பங்க் 2077 கேம் மீடியம் செட்டிங்கில திக்கித் திக்கித்தான் ஓடுது. மத்தியானத்தில படுமோசம், இரவில கொஞ்சம் பரவாயில்லை. கொழும்பில பாவிச்ச ஆர்எக்ஸ் 6600 ஒண்டும், புது ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி ஒண்டும் விசாரிச்சு வைச்சிருக்கிறன். இப்பவே மாத்திறதோ, இன்னும் ஒரு வருசம் இழுக்கிறதோ? தெரிஞ்ச அண்ணைமார் சொல்லுங்கோ.

கனகராயன்:

தம்பி, மத்தியானத்தில மோசம், இரவில பரவாயில்லை எண்டு நீங்கள் எழுதினதிலயே பாதி விடை இருக்கு. கார்ட் பழசாப் போனதெண்டால் இரவிலயும் அதே மாதிரித்தான் திக்கும். இது சூடு. 1060 கார்ட் 83 பாகை வந்தவுடன தன்ர வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கும். சோளகம் அடிக்கிற மாதங்களில செம்மண் புழுதி ஹீட்சிங்க் (சூட்டை வெளியேத்திற) தகடுகளுக்கிடையில போய்ப் படிஞ்சால், ஃபேன் முழு வேகத்தில சுத்தியும் காத்து வெளியில வராது.

முதல் எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் எண்ட கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, ஜிபியு (கார்டின்ர சிப்) பாவனை, கோர் கிளாக் (சிப்பின்ர வேகம்), வெப்பநிலை, விரேம் (கார்டின்ர மெமரி), ரேம், சிபியுவின்ர ஒவ்வொரு கோரும் திரையில தெரியிற மாதிரி வையுங்கோ. கேமில ஒரே இடத்தில பத்து நிமிசம் ஓடவிட்டுப் பாருங்கோ. 1060க்கு நிறுவனம் சொல்லுற பூஸ்ட் வேகம் 1708 மெகாஹேர்ட்ஸ். நல்லாக் குளிர்ந்த கார்ட் அதுக்கு மேலதான் நிக்கும். அதுக்குக் கீழ இறங்கி, வெப்பநிலையும் 83க்குக் கிட்ட நிண்டால் மெசினைத் துப்பரவாக்கிற வேலைதான் முதல்.

கரண்டை நிப்பாட்டி, கார்டைக் கழட்டி வெளியில கொண்டுபோய் ஊதுங்கோ. ஊதேக்க ஃபேனை விரலால பிடிச்சுக்கொள்ளவேணும், காத்துக்குத் தாறுமாறாச் சுத்தினால் பெயரிங் போயிடும். ஈரத்துணி வேண்டாம். துப்பரவாக்கியும் சூடு இறங்காட்டி, சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில பூசியிருக்கிற தேமல் பேஸ்ட்டை மாத்தவேணும். அதில பிழை விடுற இடம் பேஸ்ட் இல்லை, மெமரி சிப்புகளுக்கு மேல இருக்கிற பாட் (சூடு கடத்திற மெத்தைத் துண்டு). அது கிழிஞ்சு, அதைவிடத் தடிப்பான பாட் ஒண்டை வைச்சால் ஹீட்சிங்க் ஜிபியுவில சரியா முட்டாது. பிறகு பழைய சூட்டைவிடக் கூடத்தான் வரும். அதே தடிப்பில வாங்குங்கோ. திருகாணிகளையும் எதிரெதிர் மூலையாக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்கோ.

அடுத்தது ரேம். சைபர்பங்க் இப்ப கேக்கிற குறைந்தபட்சமே 1060 6 ஜிபி, 12 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. உங்களிட்ட 8தான் இருக்கு, அதுவும் ஒரே சனலில. எந்தக் கார்டைப் பூட்டினாலும் இந்தத் திக்கல் போகாது. டிடிஆர்4 8 ஜிபி இன்னொண்டு போடுங்கோ. 3200 வேக ரேம் வாங்கினாலும் இந்த போர்டில 2666லதான் ஓடும், அதால வேகத்துக்கெண்டு கூடக் காசு குடுக்காதேங்கோ. நாலு சொக்கெட் இருந்தால் ஒண்டுவிட்டு ஒண்டில பூட்டவேணும்.

இது ரெண்டும் முடிஞ்ச பிறகு கேமின்ர ரெசலூசனை 720பிக்கு இறக்குங்கோ. எப்பிஎஸ் (ஒரு செக்கனில வாற பிரேம் எண்ணிக்கை) நல்லா ஏறினால் தடை கார்டிலதான். ஏறாட்டி சிபியுவில, அப்ப புதுக் கார்ட் வாங்கிறது வீண்செலவு.

இரணைமடு:

கனகராயன் சொன்ன ஒழுங்குதான் சரி. நான் கரண்ட் பக்கத்தைச் சொல்லுறன்.

1060 எடுக்கிறது 120 வாட். ஆர்எக்ஸ் 6600 132, ஆர்டிஎக்ஸ் 3060 170. 6600க்கு ஏஎம்டி கேக்கிறது 450 வாட் சப்ளை, 3060க்கு என்விடியா கேக்கிறது 550. அதால 3060 எண்டால் கார்டின்ர விலையோட சப்ளையின்ர விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கோ. ரெண்டு கார்டுக்கும் பெரும்பாலும் ஒரு 8 பின் வயர் வேணும். இப்ப உங்கட 1060க்குப் போறது 6 பின்னாத்தான் இருக்கும். சப்ளையில 6+2 எண்டு பிரியிற தலை இருக்கோ எண்டு பெட்டியைத் திறந்து பாருங்கோ. இல்லாட்டி மொலெக்ஸில இருந்து 8 பின்னுக்கு மாத்திற வயரை வாங்கிக் கொழுவாதேங்கோ. அந்த மெல்லிய வயரில 150 வாட் போனால் பிளாஸ்டிக் உருகும். சிபியுவுக்குப் போற 4+4 தலையும் பாக்க 8 பின்தான், ஆனால் அதின்ர வயர் ஒழுங்கு வேற. அமத்திச் செருகினால் ஷோர்ட்தான்.

யுபிஎஸ்ஸில 650 விஏ எண்டு எழுதியிருந்தாலும் வாட் கணக்கில அனேகமா 360இல இருந்து 390 வரைதான். புதுக் கார்டோட காணும். ஆனால் பற்றரி பழசெண்டால் கேம் நடக்கேக்க கரண்ட் போனவுடன மெசினும் சேர்ந்து விழும். காசு குடுக்க முதல், கேமைச் சேவ் பண்ணிப்போட்டு, ஓடிக்கொண்டிருக்கேக்க யுபிஎஸ் பிளக்கைச் சுவரில கழட்டிப் பாருங்கோ. உடன நிண்டால் முதல் பற்றரி மாத்துங்கோ. யுபிஎஸ் மெசினை ஒழுங்கா மூடிறதுக்கு மட்டும்தான், கேமை முடிக்கிறதுக்கில்லை.

ஐப்பசி இடி தொடங்கினால் பிளக்கை மட்டும் கழட்டிறது காணாது. ரவுட்டரில இருந்து வாற நெட் வயரையும் கழட்டுங்கோ. மின்னல் அதாலயும் போர்டுக்குள்ள இறங்கும்.

பாண்டியன்குளம்:

ஒரு வருசம் இழுக்கலாமோ எண்ட கேள்விக்கு: 1060க்கு என்விடியாவின்ர கேம் ரெடி டிரைவர் (புதுக் கேமுகளுக்கான டிரைவர்) 2025 ஒக்டோபரோட முடிஞ்சுது. பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஒக்டோபர் வரைக்கும் வரும். பழைய கேம் நாளைக்கே ஓடாமல் போகாது. ஆனால் இண்டியானா ஜோன்ஸ் (2024), டூம் த டார்க் ஏஜஸ் (2025) மாதிரியானதுகள் ரே ட்ரேசிங் (ஒளிக்கதிரைக் கணிச்சு வரையிற முறை) வன்பொருள் இல்லாத கார்டில திறக்கவே திறக்காது. அப்பிடியான கேம் விளையாடவேணும் எண்டால் செட்டிங் குறைச்சுச் சமாளிக்கேலாது. மாத்தித்தான் ஆகவேணும். நீங்கள் பாத்த ரெண்டு கார்டிலயும் அது இருக்கு.

6600க்கு லேன் (போர்டோட தரவு போற வழி) எட்டுத்தான், உங்கட போர்ட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. கொஞ்சம் குறையும், கவலைப்படுற அளவுக்கில்லை. மலிவெண்டு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் மட்டும் போகாதேங்கோ. 4 ஜிபி, நாலு லேன், பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டில நல்லா அடி வாங்கும்.

பாவிச்சதெண்டால் ஜிபியு-இஸட் எண்ட மென்பொருளில கார்டின்ர பேரையும் ஷேடர் (கணிக்கிற அலகு) எண்ணிக்கையையும் பாருங்கோ. 6600க்கு 1792 இருக்கவேணும். கேம் ஒண்டை இருவது நிமிசம் ஓட்டுங்கோ, எல்லா வீடியோ வழியிலயும் மொனிட்டரைக் கொழுவிப் பாருங்கோ. பின் தகட்டிலயும் திருகாணியிலயும் துரு தெரிஞ்சால் வேண்டாம். வாரண்டி இருந்தால் சீரியல் நம்பர் பில்லில எழுதியிருக்கவேணும். கிளிநொச்சியில இருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல, பழுதானால் பார்சலில அனுப்பிற செலவும் உங்கட தலையிலதான் விழும்.

பரந்தன்சந்தி:

எல்லாருக்கும் நன்றி. முதல் 84 பாகை, கிளாக் 1550க்குக் கிட்ட. துப்பரவாக்கிப் பேஸ்ட் மாத்தின பிறகு மத்தியானத்திலயும் 75, கிளாக் 1800க்கு மேல. ரேம் 16 ஆக்கினவுடன திக்கல் நிண்டிட்டுது. இப்ப மீடியத்தில 44 எப்பிஎஸ் அளவில, ஜிபியு 99 வீதம். 720பியில 70.

கனகராயன்:

இப்ப தெளிவு, தடை கார்டில. சைபர்பங்க்குக்கு மட்டும் எண்டால் எஃப்எஸ்ஆர் (குறைஞ்ச ரெசலூசனில வரைஞ்சு பெருப்பிக்கிற வசதி) செட்டிங்கைக் குவாலிட்டியில வைச்சு, நிழலை லோவுக்கு இறக்குங்கோ, 60க்குக் கிட்ட வரும். அதோட இந்த வருசம் போகும். பாண்டியன்குளம் சொன்ன கேமுகள் வேணும் எண்டால் 6600 எடுங்கோ. 75 ஹேர்ட்ஸ் மொனிட்டருக்கு அது காணும், சப்ளையையும் மாத்தத் தேவையில்லை. 8400க்கு ஆறு த்ரெட்தான், 3060க்கு மேல போறதில பிரயோசனம் இல்லை.

வாங்கினால் ஏஎம்டி டிரைவரை முதலே இறக்கி வையுங்கோ. நெட்டைக் கழட்டி, சேஃப் மோடில டிடியு எண்ட டிரைவர் அழிக்கிற மென்பொருளால பழைய என்விடியா டிரைவரை அழிச்சிட்டுத்தான் கார்டை மாத்தவேணும். நெட் இருந்தால் இடையில விண்டோஸ் தானே ஒரு டிரைவரைப் போட்டிடும். 6+2 தலை இருக்கோ எண்டு இன்னும் நீங்கள் சொல்லேல்லை, அதைப் பாத்திட்டுக் காசைக் குடுங்கோ.