21 வாரம் ஆச்சு, அசைவே தெரியலையே?

முதல் குழந்தை, ஈரோடு. ஸ்கேன்ல எல்லாம் நார்மல், நஞ்சுக்கொடி மட்டும் முன்பக்கம்னு எழுதியிருக்கு. ராத்திரி தொப்புளுக்குக் கீழ கைய வெச்சே படுத்திருக்கேன். கேஸ் உருளுதா, குழந்தையான்னு புரியல. மாமியார் வேற காபி கொடுக்கும்போதெல்லாம் "உதைச்சுதா?"ங்கறாங்க.

பதில்: நஞ்சுக்கொடி முன்னாடி இருந்தா மெத்தை மாதிரி உதைய வாங்கிக்கும்மா. எனக்கு 23வது வாரம்தான் தெரிஞ்சுது, அதுவும் டவுன் பஸ்ல. மீன் வாலடிச்ச மாதிரி இருந்துச்சு.

பதில்: 24 வாரம் வரைக்கும் ஒண்ணுமே தெரியலைன்னா டாக்டரைப் பாத்துடுங்க. அப்புறம், அந்தக் காபியோட இரும்புச்சத்து மாத்திரையப் போடாதீங்க, சத்து உடம்புல ஒட்டாது.

கேட்டவர்: அக்கா, நேத்து ராத்திரி இட்லி சாப்பிட்டு இடதுபக்கமா ஒருக்களிச்சுப் படுத்தேன். டொக் டொக்னு ரெண்டு தட்டு! அவர் ஓடிவந்து கைய வெச்சதும் கப்சிப்.