7.5 சதவீத ஒதுக்கீடு: ஆறு, ஏழாம் வகுப்புக்குப் படிப்புச் சான்று கிடைக்கவில்லை

என் மகள் இந்த 2025 மே நீட் எழுதியிருக்கிறாள். ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளிதான், அதனால் மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. சிக்கல், அதை நிரூபிக்கும் படிப்புச் சான்றில்.

ஆறும் ஏழும் (2018 முதல் 2020 வரை) தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு பள்ளி. எட்டிலிருந்து மதுரை. மதுரைப் பள்ளியில் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பழைய பள்ளியில் 2023 டிசம்பர் வெள்ளத்தில் சேர்க்கைப் பதிவேடு நனைந்துவிட்டது. நேரில் போய்ப் பார்த்தேன். பக்கங்கள் அப்பளம் மாதிரி ஒட்டிக் கிடக்கின்றன, மை கரைந்து நீலத் திட்டாக இருக்கிறது. பதிவேட்டில் பெயர் தெரியாமல் கையெழுத்துப் போட முடியாது என்கிறார் தலைமை ஆசிரியர். அவர் மேலும் தப்பில்லை.

எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவு) பார்க்கச் சொன்னேன். எட்டாம் வகுப்பிலிருந்துதான் காட்டுகிறது. மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு இரண்டு தடவை போனேன். தலைமை ஆசிரியர் கடிதம் வேண்டும் என்கிறார்கள். அவரோ அலுவலக உத்தரவு கேட்கிறார். அப்புறம் எங்கே போவது?

கையில் இருப்பது ஏழாம் வகுப்பு மதிப்பெண் அட்டையும் பழைய பஸ் பாஸும். பழைய பள்ளியின் அசல் மாற்றுச் சான்றிதழ் மதுரைப் பள்ளிக் கோப்பில் இருக்கிறது, நகல் தருவார்கள்.

பதிவேடு அழிந்துபோன பள்ளிக்கு இந்தச் சான்றை யாராவது வாங்கியிருந்தால், எந்த ஆவணத்தைக் காட்டி, எந்த அதிகாரியிடம் வாங்கினீர்கள்?