நத்தார் இரவுக் கடமைக்கு வர முடியாமற் போனது: மனம் இன்னும் ஆறவில்லை

கேள்வி: மருத்துவ விடுதித் தாதி

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் அரச வைத்தியசாலை ஒன்றின் மருத்துவ விடுதியில் 11 ஆண்டுகளாகத் தாதிய உத்தியோகத்தராகப் பணியாற்றுகிறேன். வீட்டாரிடம் சொன்னால் "கை முறிந்தவளுக்கு இதென்ன கவலை" என்று முடித்துவிடுகிறார்கள். ஆகவே இந்தத் தொழிலில் இருப்பவர்களிடமே கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் விடுதியில் யாரும் எழுதிவைக்காத ஓர் ஒழுங்கு உண்டு. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகள் கடமையை ஏற்றுக்கொள்வார்கள். நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் சைவப் பிள்ளைகளாகிய நாங்கள் நிற்போம். கடந்த தீபாவளிக்கு முதல் நாள் இரவு எனக்காக நின்றவர் பாசையூரைச் சேர்ந்த ஒரு தோழி. அதற்கு ஈடாக, டிசெம்பர் 24 இரவு 7 மணி தொடக்கம் மறுநாள் காலை 7 மணி வரையான கடமையை நான் எடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். நடை தளர்ந்துபோன தன் தாயாரை நள்ளிரவுத் திருப்பலிக்கு இந்த முறையாவது கூட்டிச்செல்ல வேண்டும் என்று அவர் பல நாள்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிசெம்பர் 22 காலை, விடாமற் பெய்த மழையில் எங்கள் கிணற்றடி முழுவதும் பாசி பிடித்திருந்தது. வாளியோடு வழுக்கி இடது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டுக்கு மேலே ஆரை எலும்பு முறிந்துவிட்டது. முழங்கைக்குக் கீழே பிளாஸ்டர் போட்டு, 6 கிழமை வேலைக்குப் போகக் கூடாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். மாற்றாக வருவதற்கு வேறெவரும் அகப்படவில்லை. தோழியே மீண்டும் நின்றார். "அக்கா, நீங்கள் கையைப் பாருங்கோ, நான் நிற்கிறன்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றிரவு விடுதியில் டெங்கு நோயாளர்கள் இருவர் ஆபத்தான கட்டத்தில் இருந்தார்களாம். மணிக்கொரு தடவை நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு எல்லாம் பார்த்துப் பதிய வேண்டியிருந்ததால் விடியும்வரை அவரால் உட்காரவே முடியவில்லை என்று பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

அதன்பின் தைப்பொங்கல் வந்தது. முற்றத்தில் வைத்த பானையை இறக்கக்கூட என்னால் உதவ முடியவில்லை என்பது உண்மை. ஆனாலும் நான் பிள்ளைகளோடு வீட்டில் இருந்தேன், அவர் அன்றும் விடுதியில் நின்றார். பெருநாளுக்கு வீட்டில் நிற்கத்தான் கையைக் காரணம் காட்டுகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்களோ என்ற எண்ணம்தான் இரவில் தூங்க விடுவதில்லை.

இரண்டு விடயங்களுக்கு ஆலோசனை வேண்டும். வலது கை நன்றாக இருப்பதால், பிளாஸ்டருடனேயே முன்கூட்டிப் போய் மருந்து கொடுப்பது, குறிப்பு எழுதுவது போன்ற இலேசான வேலைகளையாவது செய்யலாமா? தோழியின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

பதில் 1: தொற்றுக் கட்டுப்பாட்டில் பணிபுரியும் தாதி

தங்கச்சி, உங்கள் முதற் கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் இருக்கிறது: போகாதீர்கள்.

கை கழுவுதல் என்பது நாங்கள் எல்லோருக்கும் படிப்பிக்கும் முதற் பாடம். சவர்க்காரமும் நீரும் கொண்டு 40 முதல் 60 விநாடி, மதுசாரக் கரைசல் என்றால் 20 முதல் 30 விநாடி, இரு கைகளின் உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, பெருவிரல், நுனிகள் எல்லாவற்றையும் தேய்க்க வேண்டும். உங்கள் இடது உள்ளங்கையின் பெரும்பகுதி இப்போது பிளாஸ்டருக்குள் இருக்கிறது. அதன் விளிம்பில் தெரியும் பஞ்சு நோயாளியின் படுக்கையிலும் சிறுநீர்ப் பையிலும் பட்டால், அதைக் கழுவவும் முடியாது, மாற்றவும் முடியாது. ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குக் கிருமியைச் சுமந்து செல்வது நீங்களாகவே இருப்பீர்கள்.

மருந்து கொடுப்பது இலேசான வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடி மருந்துக் குப்பியின் கழுத்தை ஒரு கையால் உடைத்து, அதே கையால் ஊசியில் இழுப்பது எப்படி என்று ஒரு தடவை மனத்துக்குள் செய்து பாருங்கள். அதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. உங்கள் கண்முன்னே ஒரு நோயாளியின் இதயம் நின்றுவிட்டால், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குறையாமல் நெஞ்சை அழுத்த வேண்டும். அதற்கு இரண்டு கைகளும், அவற்றின் மேல் உடம்பின் பாரமும் வேண்டும். கடமைப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் அந்த நேரத்தில் உங்களை ஒரு முழு ஆளாகத்தான் மற்றவர்கள் கணக்கில் வைத்திருப்பார்கள். ஆளில்லாத விடுதி தன்னிடம் ஆளில்லை என்பதை அறிந்து வேறிடத்தில் உதவி கேட்கும். நீங்கள் அங்கே நின்றால் அந்த உதவியும் வராமற் போகலாம்.

நோயாளரைத் தொடாத எழுத்து வேலை ஏதேனும் இருக்குமானால், அதை உங்கள் வைத்தியரும் நிருவாகமும் எழுத்தில் தரட்டும். மனவருத்தத்தால் நீங்களாகவே கேட்டுப் போகும் வேலையாக அது இருக்கக் கூடாது.

பதில் 2: இயன்மருத்துவர், யாழ்ப்பாணம்

ஒரு சிறு சேர்க்கை மட்டும். பிளாஸ்டர் வெட்டும் நாளைக் கடமைக்குத் திரும்பும் நாளாகக் கருதி யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். எலும்பு பொருந்திய பின்னும் மணிக்கட்டு விறைத்திருக்கும். பிடிப்பின் வலு திரும்புவதற்குப் பலருக்கு மாதங்கள் ஆகின்றன. கட்டிலில் சரிந்து கிடக்கும் நோயாளியை மேலே தூக்கி வைப்பதற்கு அந்தப் பிடிப்பு வேண்டும். இப்போதே விரல்களை முழுமையாக மடக்கி நீட்டுங்கள், முழங்கையையும் தோளையும் அசையுங்கள், கையைத் தொங்கவிடாமல் உயர்த்தி வைத்திருங்கள். விரல்கள் நீலம் பாரித்தால், மரத்துப்போனால் அல்லது வலி திடீரெனக் கூடினால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

பதில் 3: குருநகர்த் தாதி

அக்கா, உங்கள் தோழி இருந்த இடத்தில் நானும் ஒரு நத்தாருக்கு இருந்திருக்கிறேன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வேறொருவருக்குக் கால் முறிந்ததால் அன்றிரவு நான் நிற்க நேர்ந்தது. எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். விடுதியின் யன்னலோரத்தில் நின்று, இப்போது வீட்டார் கோவிலில் இருந்து திரும்பியிருப்பார்கள், இப்போது பலகாரத் தட்டுகள் அயலுக்குப் போயிருக்கும் என்று மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் அந்தக் கோபம் கால் முறிந்தவர்மேல் ஒரு கணமும் போகவில்லை. ஒருவர் விழுந்தால் அடுத்தவரை எடுக்க எவருமில்லாத நிலையில் எங்களை வைத்திருக்கிறார்களே என்பதுதான் அந்தக் கோபம்.

உண்மையில் என்னைக் களைப்படையச் செய்தது அதற்குப் பிறகு நடந்தது. அவர் நாள்தோறும் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் "பரவாயில்லை" என்று நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. என் அம்மா அன்று என்ன சொன்னா, நான் எப்போது தூங்கினேன் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிறைவாக இருந்திருக்கும்.

நீங்கள் விழுந்தது குற்றமில்லை. ஆனால் அவருக்கு நீங்கள் ஓர் இரவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது உண்மைதான், அதை இல்லையென்று சொல்லி உங்களைத் தேற்ற நான் விரும்பவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கலாம். அவருக்கு எந்த இரவு வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். கேட்கும்போது உங்கள் கையைப் பற்றி அதிகம் பேசாதீர்கள். அவருடைய தாயாரைப் பற்றி விசாரியுங்கள்.

பதில் 4: ஓய்வுபெற்ற விடுதிப் பொறுப்புச் சகோதரி

பிள்ளை, பல ஆண்டுகள் கடமைப் பட்டியல் போட்டவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் தலைமுறைக்குப் பெருநாட் கடமை என்பது சாதாரணமான ஒன்றாக இருக்கவில்லை. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். அன்று யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் நுழைந்து சுட்டதில் நோயாளரோடு, வைத்தியர்களும் தாதியரும் சிற்றூழியரும் என 20 இற்கும் மேற்பட்ட பணியாளர்கள் உயிரிழந்தார்கள். வெளியே சண்டை நடந்துகொண்டிருக்கையில், வீட்டில் நின்றிருக்கக்கூடிய ஒரு நாளில் கடமைக்கு வந்தவர்கள் அவர்கள். ஆண்டுதோறும் அவர்களை நினைவுகூரும்போது, பெருநாளில் விடுதியை விட்டு நிற்பது பெரும் பிழை என்ற எண்ணம் எங்களுக்குள் ஆழமாக ஊறிவிட்டது. அந்த எண்ணத்தை நாங்கள் உங்களுக்கும் ஊட்டிவிட்டோம் என்று நினைக்கிறேன்.

அதனால் நான் ஒரு பிழை செய்தேன். ஒரு தீபாவளியன்று, நோயாளியைத் தூக்கியதில் முதுகு பிடித்துவிட்டது என்று ஒரு தாதி சொல்லியனுப்பினார். முறிவென்றால் பிளாஸ்டர் தெரியும். முதுகு வலி கண்ணுக்குத் தெரிவதில்லை. நான் நம்பவில்லை. மற்றவர்கள் முன்னிலையில் அவரைக் குறைவாகவும் பேசினேன். அவர் அதைக் கேள்விப்பட்டு இரண்டாம் நாளே கடமைக்கு வந்தார், மூன்றாம் நாள் நிமிர முடியாமல் விழுந்தார், முதுகெலும்பு வட்டு விலகியிருந்தது பிறகு தெரியவந்தது. அதன் பின்னர் அவர் விடுதி வேலைக்குத் திரும்பவே இல்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எனினும் அவருடைய முதுகை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அரச உத்தியோகத்தருக்கு ஆண்டுக்கு 21 நாள் சமயோசித லீவும் 24 நாள் ஓய்வு லீவும் உண்டு. மருத்துவச் சான்றிதழோடு நீங்கள் எடுத்திருப்பது யாருடைய தயவும் அல்ல. டிசெம்பர், ஜனவரி மாதங்களில் மழையோடு டெங்கு பெருகி எங்கள் மருத்துவ விடுதிகள் நிரம்பும் என்பது ஆண்டுதோறும் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த செய்தி. அந்த நாள்களில் ஒருவர் கிணற்றடியில் வழுக்கினால் விடுதி தடுமாறும் என்றால், அந்தப் பட்டியல் போடப்பட்டபோதே பிழையாகப் போடப்பட்டிருக்கிறது. நானும் அப்படித்தான் போட்டேன். இருந்த ஆள்களை வைத்துப் போட்டேன். ஆயினும் பெருநாள் வாரங்களுக்கு மட்டுமாவது ஒவ்வொரு கடமைக்கும் நேரே, அவசரமென்றால் அழைக்கப்படுபவரின் பெயரையும் எழுதிவைத்திருக்க என்னால் முடிந்திருக்கும். உங்கள் பொறுப்புச் சகோதரியிடம் இதைச் சொல்லுங்கள். கை சுகமாகித் திரும்பிய பிறகு, குற்றவாளியைப் போல அல்லாமல், விடுதியின் நன்மைக்காகப் பேசும் மூத்த தாதியாகச் சொல்லுங்கள்.

மீண்டும்: மருத்துவ விடுதித் தாதி

எல்லோருடைய பதிலையும் பல தடவை வாசித்தேன். முன்கூட்டிப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டேன். மருந்துக் குப்பியை ஒரு கையால் உடைப்பதை நினைத்துப் பார்த்தபோதே அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

நேற்று மாலை மகன் முச்சக்கர வண்டியில் என்னைப் பாசையூருக்குக் கூட்டிச் சென்றான். மன்னிப்பு என்ற சொல்லை ஒரே ஒரு தடவை சொன்னேன். பிறகு அவருடைய தாயாரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். நத்தாரன்று காலைத் திருப்பலிக்கு அயலவர் ஒருவர் தன்னைக் கூட்டிச் சென்றதாகவும், மகள் விடுதியிலிருந்து வந்து உடுப்பு மாற்றாமலே தன் பக்கத்தில் படுத்துத் தூங்கிவிட்டதாகவும் அந்த அம்மா சொன்னா. தோழியிடம் எந்த இரவு வேண்டும் என்று கேட்டேன். உடனே பதில் சொல்லாமல் சுவரிலிருந்த நாட்காட்டியை எடுத்துவந்து, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முதல் நாளான சனிக்கிழமை இரவைக் காட்டினார். அன்றைய திருவிழிப்பு வழிபாட்டுக்குத் தாயாரோடு போக வேண்டுமாம். அந்த இரவுக்கு என் பெயரை எழுதினோம். அதற்குக் கீழே, என்னால் வர முடியாமற் போனால் அழைப்பதற்கு, சைவப் பிள்ளை ஒருவரின் பெயரையும் அவரிடம் தொலைபேசியிற் கேட்டு அங்கேயே எழுதினோம்.