வாடகை நூலக நாவலுக்குள் இருந்த கடிதம்

மேலவீதி வாசகி:
90-களில் ரமணிசந்திரன் நாவல் வாடகைக்குக் கிடைப்பதே பெரிய பாடு. எப்போது போனாலும் வெளியே போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை ஒன்று கிடைத்தது. நாயகன் கோபித்துக்கொண்டு போகிற பக்கத்தில் மடித்த கோடுபோட்ட தாள். “புதன்கிழமை இதே புத்தகத்தைக் கேளுங்கள். பதில் இதிலேயே வையுங்கள்.” பெயர் இல்லை. போன புதனா, வரப்போகும் புதனா? கதையைப் படிக்காமல், தாளை இருந்த இடத்திலேயே வைத்து அன்று மாலையே திருப்பிக் கொடுத்தேன். உரியவர் கைக்கு அது போனதா என்று இப்போதும் நினைப்பேன்.

ராமநாதபுரத்துப் பெண்:
அப்போதெல்லாம் எங்கள் பக்கம் பாதி வீட்டு ஆண்கள் சவூதி, துபாய். கேசட்டில் பேசி அனுப்புவதும் உண்டு, ஆனால் அதை வீடே கேட்கும். அதனால் பக்கத்து வீட்டு அக்கா எனக்குச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். “அன்புள்ள மச்சானுக்கு, நலம், நலமறிய ஆவல்.” அப்புறம் மாமியார் முட்டிவலி, கூரை ஒழுகுவது, சீட்டுப் பணம். ஒருநாள் ராணிமுத்து என்ற நாவல் இதழில் படித்த மாதிரி, ‘நீங்கள் இல்லாத வீட்டில் விளக்கேற்றப் பிடிக்கவில்லை’ என்று நானே சேர்த்துப் படித்துக் காட்டினேன். “இதை நான் சொல்லலையே” என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இருக்கட்டும், அடிச்சிராதே.”

பழைய கடைப் பையன்:
அது அக்கா கடிதமே இல்லை, நாவல் கடிதம். எல்லா நாவலிலும் அதே பணக்கார நாயகன், அதே சண்டை, அதே கல்யாணம். வாசகிக்கு ஒன்று: நீங்கள் கடைக்காரரிடமே கொடுத்திருக்கலாம். நான் அப்படி ஒரு கடையில் வேலை பார்த்தவன். திரும்பி வரும் புத்தகத்தில் பக்கம் கிழிந்திருக்கிறதா என்று முதலாளி புரட்டுவார். அகப்படும் தாள்கள் இழுப்பறைக்குப் போகும். ஒரு அம்மா வந்து, “புத்தகத்துல ரேஷன் கார்டை விட்டுட்டேன்” என்றார். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு நீலத் தாளை எடுத்து நீட்டினார். அந்த அம்மா வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்லாந்து பிரியை:
கடைப் பையன் சொல்வதை ஏற்க மாட்டேன். அந்த அக்கா அடிக்க வேண்டாம் என்று சொன்ன நிமிடமே அது அவர் வரி. அப்புறம், ராணிமுத்து 1969-ல் அகிலன் நாவலோடு தொடங்கியது. எல்லாம் ஒரே கதை என்று தள்ளிவிடாதீர்கள். நிச்சயத்துக்குப் பின் என் அப்பா என் அம்மாவுக்கு எழுதிய இன்லாந்து கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. ஒட்டும் மடிப்பில்கூட இடம் விடாமல் நுணுக்கி எழுதியிருப்பார். உங்கள் வீட்டிலும் இருந்தால் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், பிறகு தாளைப் பிரிக்கவே முடியாது. கிழிந்த மடிப்பில் செலோடேப் வேண்டாம், பழுப்பேறிக் கறை விடும். ரப்பர் பேண்டும் குண்டூசியும் கூடாது. வெயில் பட்டால் மை வெளுக்கும், அதனால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாதீர்கள். மடிப்பைப் பிரித்து, இரண்டு பக்கமும் முகவரியோடு படம் எடுத்துவிட்டு, ஈரமில்லாத அலமாரியில் தட்டையாக வையுங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டுப் படியுங்கள். என் அம்மா இரண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்தார்.