வாஷிங்டன் விசார்ட்ஸ்ல (என்.பி.ஏ. கூடைப்பந்து டீம்) புது மேனேஜ்மென்ட் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, டெட்ராய்ட் ஒரே வருஷத்துல எப்படி எழுந்துச்சு?

நோவா_கார்த்தி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். 2025 ட்ராஃப்ட் லாட்டரி (புதுப் பசங்களை எந்த டீம் எத்தனாவதா எடுக்கணும்னு முடிவு பண்ற குலுக்கல், அந்த இடம்தான் பிக்) பாத்ததுல இருந்து மனசே சரியில்ல, அதான் இங்க வந்து கொட்டறேன். இந்த சீசன் 18 வெற்றி, 64 தோல்வி (18-64), லீக்லயே கடைசிக்கு முந்தின ரெக்கார்டு. முதல் பிக்குக்கு 14 சதவீதம் சான்ஸ், எல்லாரும் எதிர்பாத்த கூப்பர் ஃப்ளாக் வந்துருவான்னு வீட்ல பையன் எந்த நம்பர் ஜெர்சி வாங்கலாம்ங்கற வரைக்கும் பேசிட்டு இருந்தான், கடைசில 6வது பிக். நம்ம ரெக்கார்டுக்கு 6க்குக் கீழ போகவே முடியாது, அதாவது வரக்கூடியதுலயே மோசமானது எதுவோ அதுதான் வந்துச்சு. வெறும் 1.8 சதவீதம் வச்சிருந்த டல்லாஸ் ஃப்ளாக்கைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

ஆனா என் கேள்வி லாட்டரி பத்தி இல்ல. 2023ல பழைய மேனேஜர் டாமி ஷெப்பர்டை அனுப்பிட்டு தலைமைக்கு மைக்கேல் விங்கரைக் கொண்டு வந்தாங்க, ஓக்லஹோமா சிட்டில இருந்து வில் டாக்கின்ஸ் ஜி.எம்மா (ஜெனரல் மேனேஜர்) வந்தாரு. வந்த கையோட பெரிய ஆட்டக்காரங்களான பீலை ஃபீனிக்ஸுக்கும் போர்சிங்கிஸை பாஸ்டனுக்கும் அனுப்பினாங்க, அடுத்த வருஷம் அவ்தியாவையும் போர்ட்லாண்டுக்குக் குடுத்தாச்சு. சரி, மொத்தமா பிரிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கறாங்க, பொறுத்துப் பாப்போம்னு இருந்தேன். முதல் சீசன் 15-67, ஃப்ரான்சைஸ் வரலாறுலயே மோசம். ரெண்டாவது 18-64.

அந்தப் பக்கம் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் போன வருஷம் 14-68, இந்த வருஷம் 44-38, ப்ளேஆஃப்ல நியூயார்க் நிக்ஸை ஆறு மேட்ச் வரைக்கும் இழுத்துட்டாங்க. அங்கயும் புது மேனேஜ்மென்ட்தான், ஆனா ஒரே வருஷம். அவங்க பண்ணது என்ன, இங்க பண்ணாதது என்ன? 1978-79க்கு அப்புறம் இந்த டீம் ஒரு சீசன்ல 50 மேட்ச் ஜெயிச்சதே கிடையாதுங்க. ரெண்டு தலைமுறை ரசிகர்கள் அதைப் பாக்காமயே இருக்காங்க. விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

---

மிச்சிகன்_மீனா

கார்த்தி, நான் டெட்ராய்ட் பக்கம்தான் இருக்கேன், பிஸ்டன்ஸ் மேட்ச் அனேகமா எல்லாமே பாக்கறேன், அதனால இங்க என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் நீட்டியே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

2023-24 ஆரம்பத்துல மூணு மேட்ச்ல ரெண்டு ஜெயிச்சோம். அக்டோபர் 30ல ஆரம்பிச்ச தோல்வி டிசம்பர் 30 வரைக்கும் நிக்கல, வரிசையா 28. ஒரே சீசன்ல அவ்ளோ மேட்ச் தொடர்ந்து தோத்த டீம் லீக்ல வேற கிடையாது. ப்ரூக்ளின் கிட்ட 27வது தோல்வி, அன்னைக்கு எங்க ஸ்டார் கேட் கன்னிங்ஹாம் 41 பாயின்ட் அடிச்சான், அப்படியும் தோத்தோம். அரங்கத்துல ஜனங்க எழுந்து நின்னு "டீமை வித்துடு"ன்னு ஓனர் டாம் கோர்ஸைப் பாத்துக் கத்தினாங்க.

ஆனா அந்த டீம்ல திறமை இல்லாம இல்ல. கேட், ஐவி, டூரன், ஸ்டூவர்ட், ஆசார் எல்லாரும் அப்பவே இருந்தாங்க. மேட்ச் பாத்தா கண்ணு கலங்கும், ஏன்னா ஸ்பேசிங்னு (எதிராளிங்களை வெளிய இழுத்து உள்ள இடம் உண்டாக்கறது) ஒண்ணே இல்ல. டூரன் சென்டர், அவன் பக்கத்துல பவர் ஃபார்வர்டா ஸ்டூவர்ட், விங்ல ஷூட்டிங் வராத ஆசார், அதோட கோச் மான்ட்டி வில்லியம்ஸ் ஐவியை பெஞ்ச்ல உக்கார வச்சு கில்லியன் ஹேஸை ஸ்டார்ட் பண்ண விட்டாரு. நல்லா த்ரீ (தூரத்துல இருந்து மூணு பாயின்ட் ஷாட்) போடற போக்டானோவிச் ஆரம்பத்துல காயம். கேட் பந்தை எடுத்துட்டு உள்ள போனா எதிர் டீம்ல நாலு பேர் பெயின்ட்லயே (ரிங்குக்கு அடியில இருக்கற பகுதி) நிப்பாங்க, வெளிய பாஸ் குடுத்தா போடறதுக்கு ஆள் இல்ல.

2024 மே மாசம் நியூ ஆர்லியன்ஸ்ல ஜி.எம்மா இருந்த ட்ரேஜன் லாங்டன் வந்தாரு. முதல் பெரிய முடிவு மான்ட்டியை அனுப்பினது. ஆறு வருஷம், 78.5 மில்லியன் டாலர் கான்ட்ராக்ட், ஒரு வருஷம்தான் முடிஞ்சிருந்துச்சு, மீதி கிட்டத்தட்ட 65 மில்லியனை ஓனர் சும்மா குடுக்கணும். குடுக்க ஒத்துக்கிட்டாரு. கோர்ஸ் மேல எனக்கு ஆயிரம் கோபம் இருக்கு, ஆனா அந்த ஒரு முடிவுக்கு நன்றி சொல்லியே ஆகணும், நிறைய ஓனர்கள் அந்தப் பணத்துக்காகவே இன்னொரு வருஷம் ஓட்டியிருப்பாங்க. க்ளீவ்லேண்ட் அனுப்பின ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் கோச்சா வந்தாரு.

அடுத்தது ஆளுங்க. கேப் ஸ்பேஸ் (சம்பள வரம்புக்குள்ள மிச்சம் இருக்கற இடம்) நிறைய இருந்தும் லாங்டன் பெரிய பேரைத் தேடிப் போகல. டோபையாஸ் ஹாரிஸ் ரெண்டு வருஷம் 52 மில்லியன், பலர் அதிகம்னு திட்டினாங்க, ஆனா சின்னப் பசங்களுக்கு நடுவுல அமைதியா ஆடற ஒரு பெரிய ஆள் வேணும்ல. டல்லாஸ்ல இருந்து டிம் ஹார்டவே ஜூனியர், கூடவே மூணு செகண்ட் ரவுண்ட் பிக், அதுக்கு க்வென்டின் க்ரைம்ஸைக் குடுத்தாங்க. அப்புறம் மாலிக் பீஸ்லி, ஒரு வருஷம், வெறும் 6 மில்லியன். அந்த மனுஷன் சீசன்ல 319 த்ரீ போட்டான், லீக்லயே ரெண்டாவது இடம், ஆன்டனி எட்வர்ட்ஸை விட ஒண்ணுதான் கம்மி. ஸ்டூவர்ட்டை பெஞ்ச்ல இருந்து வர்ற சென்டரா மாத்தினாங்க, கொஞ்ச நேரம் ஆடினாலும் ரிங் பக்கத்துல எவனையும் விடல. ஷூட்டிங் சொல்லிக் குடுக்கறதுக்குன்னே பேர் வாங்கின ஃப்ரெட் வின்சனை நியூ ஆர்லியன்ஸ்ல இருந்து கூட்டிட்டு வந்தாங்க.

அதே கேட்தான், ஆனா இப்ப ஓட்டறதுக்கு இடம் கிடைச்சுது. ஜனவரி 1ல ஐவிக்கு கால் எலும்பு முறிஞ்சு சீசன் போச்சு, அப்படியும் டீம் சரியல, பிப்ரவரில ஷ்ரோடரை எடுத்துட்டு வந்து ஓட்டையை அடைச்சாங்க. நிக்ஸ் சீரீஸ்ல ரெண்டாவது மேட்ச் அவங்க ஊர்லயே போய் ஜெயிச்சோம், கேட் 33 பாயின்ட். 2008க்கு அப்புறம் முதல் ப்ளேஆஃப் வெற்றி, நடுவுல வரிசையா 15 ப்ளேஆஃப் மேட்ச் தோத்திருந்தோம். நாலாவது மேட்ச் கடைசில ஹார்டவே மேல ஃபவுல் குடுக்காம ஒரு பாயின்ட்ல போச்சு, அது ஃபவுல்தான்னு அம்பயர் தரப்புலயே அப்புறம் ஒத்துக்கிட்டாங்க. இன்னும் வயிறு எரியுது.

---

ட்ராஃப்ட்_பித்தன்

மீனா அக்கா எழுதினது அத்தனையும் சரி, ஆனா கணக்கை 2024ல இருந்து ஆரம்பிச்சா கார்த்தி அண்ணாவுக்குத் தப்பான நம்பிக்கை வந்துரும்.

ஸ்டூவர்ட் 2020ல 16வது பிக். கேட் 2021ல முதல் பிக். ஐவி 5, டூரன் 13, ரெண்டும் 2022. ஆசார் 2023ல 5. இத்தனை பேரையும் எடுத்தது முந்தின ஜி.எம். ட்ராய் வீவர், லாங்டன் இல்ல. லாங்டன் எடுத்த பெரிய பிக் ரான் ஹாலண்ட் மட்டும்தான். வீவர் பண்ண தப்பும் நிறைய, 2020ல ஹாலிபர்ட்டன் இருக்கறப்ப 7வது பிக்ல ஹேஸை எடுத்தாரு, சாதிக் பேயைக் குடுத்து வைஸ்மனை வாங்கினாரு, ஆனா பசங்களைச் சேத்து வச்சது அவர்தான். அதனால டெட்ராய்ட் எழுந்து வர ஒரு வருஷம் ஆகல, அஞ்சு வருஷம் ஆச்சு: 20-52, 23-59, 17-65, 14-68, அப்புறம்தான் 44-38.

பழைய மேனேஜ்மென்ட் விட்டுட்டுப் போனது என்னங்கறதுலதான் எல்லாமே இருக்கு. லாங்டன் உள்ள வரும்போது அவர் கைல கேட் இருந்தான், அவனைச் சுத்தி யாரை நிறுத்தணும்ங்கற ஒரு கேள்விக்கு பதில் சொன்னா போதும். விங்கர் உள்ள வரும்போது கைல இருந்தது 251 மில்லியன் டாலர் கான்ட்ராக்ட்ல பீல், அதுவும் நோ-ட்ரேட் க்ளாஸோட (அவர் சம்மதம் இல்லாம ட்ரேட் பண்ண முடியாது). எங்க போகணும்னு பீல்தான் முடிவு பண்ணுவாரு, டீம் பேரம் பேசவே முடியாது. அதான் கிடைச்சது க்றிஸ் பால், கொஞ்சம் செகண்ட் ரவுண்ட் பிக், ஸ்வாப் (பிக்கை மாத்திக்கற உரிமை). அதுல என்னத்தைக் கட்டறது?

டாக்கின்ஸ் வேலை கத்துக்கிட்ட ஓக்லஹோமாவையே பாருங்க. 22-50, 24-58, 40-42, 57-25, இந்த வருஷம் 68-14. கேக்க அழகா இருக்கு, ஆனா அவங்க ஸ்டார் ஷாய் 2019லயே பால் ஜார்ஜ் ட்ரேட்ல வந்துட்டான். தோக்கற வருஷங்கள்லயும் நடு ஆள் யாருன்னு அங்க தெரியும். வாஷிங்டன் இன்னும் அந்த ஆளைத் தேடிட்டு இருக்கு. இப்ப நிக்கற இடம் டெட்ராய்டோட 2024 இல்ல, 2021 ட்ராஃப்டுக்கு முந்தின டெட்ராய்ட்.

---

சலீம்_த்ரீபாயின்ட்

கடைசி இடத்துல முடிச்சா ஸ்டார் கிடைச்சுருவான்னு நம்பறதை முதல்ல விடணும் ப்ரோ. 2019ல லாட்டரி முறையை மாத்தி கடைசி மூணு டீமுக்கும் ஒரே 14 சதவீதம் ஆக்கினாங்க, அதுல இருந்து 2025 வரைக்கும் கடைசி இடத்துல முடிச்ச ஒரு டீம் கூட முதல் பிக் வாங்கினது இல்ல. டெட்ராய்ட் 2023, 2024 ரெண்டு வருஷமும் கடைசி, ரெண்டு தடவையும் 5வது பிக். இந்த வருஷம் யூட்டா 17-65, அவங்களுக்கும் 5. 2023ல முதல் பிக்கா போன வெம்பன்யாமாவைப் பாத்து ஏங்கின டெட்ராய்ட் ரசிகர்கள் எத்தனை பேர்னு மீனா அக்காவைக் கேளுங்க.

ஃபிலடெல்ஃபியா இதை எல்லாரையும் விட பச்சையா பண்ணாங்க, 2013ல ஜி.எம்மா ஹிங்கி வந்து வேணும்னே தோக்க விட்டு 2015-16ல 10-72 வரைக்கும் போனாங்க. எம்பீட் கிடைச்சான், எம்.வி.பி.யும் ஆனான், ஆனா அவனை வச்சு 2025 வரைக்கும் கான்ஃபரன்ஸ் ஃபைனல் (அரையிறுதி மாதிரி) கூட போகல. வருஷக்கணக்கா தோத்தே பழகற பசங்களுக்கு டிஃபென்ஸ்ல ரெண்டாவது ரொட்டேஷன் (அடுத்தவன் விட்ட ஆளை மறிக்க) ஓடறது, பந்து இல்லாதப்ப நகர்றது இதெல்லாம் வராது, யாரும் கண்டிக்க மாட்டாங்க, எல்லாருக்கும் நிமிஷம் கிடைக்கும். ஒரு மேனேஜ்மென்ட் மேல எனக்கு வர்ற பெரிய கோபமே அதுதான், தோல்வி வரலாம், ஆனா 20 வயசுப் பையனோட ஆட்டத்தைக் கெடுத்துட்டா அதை யார் திருப்பித் தருவா.

---

நோவா_கார்த்தி

ரொம்ப நன்றி எல்லாருக்கும். பித்தன் தம்பி, கசப்பா இருந்தாலும் நீங்க சொன்னது புரியுது. அப்ப அடுத்த சீசன் நான் எதைப் பாக்கணும்? ஜெயிச்ச எண்ணிக்கையைப் பாத்தா வெறுத்துரும் போல. இன்னொண்ணு, நிக்ஸுக்கு நம்ம பிக் ஒண்ணு கடன்னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

---

ட்ராஃப்ட்_பித்தன்

அண்ணா, அந்தக் கடன்தான் அடுத்த வருஷத்துக்கே சாவி. 2020ல ஜான் வாலைக் குடுத்து வெஸ்ட்ப்ரூக்கை வாங்கினப்ப ஹூஸ்டனுக்குக் குடுத்த ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக், கை மாறி கை மாறி நிக்ஸ் கிட்ட வந்து நிக்குது. இந்த வருஷம் டாப் 10 ப்ரொடெக்ஷன் (முதல் 10க்குள்ள விழுந்தா குடுக்க வேண்டாம்), அதனால தப்பிச்சோம். 2026ல டாப் 8. அதுக்குள்ள இருந்தா பிக் நமக்கு, கடன் வெறும் செகண்ட் ரவுண்டா மாறிரும். 9வதோ அதுக்குப் பின்னாடியோ வந்தா நிக்ஸுக்குப் போயிரும். அதாவது அடுத்த சீசன் நடுத்தரமா ஆடறதுதான் இந்த டீமுக்கு இருக்கறதுலயே நஷ்டமான வழி, அதனால இன்னொரு மோசமான ரெக்கார்டுக்கு மனசைத் தயார் பண்ணிக்கோங்க. 2020ல வேற யாரோ போட்ட கையெழுத்துக்கு இன்னைக்குப் பசங்க ஆடறாங்க, எனக்கு அது நியாயமாவே படல.

---

மிச்சிகன்_மீனா

எதைப் பாக்கணும்னு கேட்டீங்கல்ல கார்த்தி. நான்னா உங்க இளம் சென்டர் அலெக்ஸ் சாரைத்தான் பாப்பேன். ரூக்கி (முதல்) வருஷத்துல நிறைய த்ரீ போட்டான், உள்ள விழுந்தது கம்மிதான், ஆனா ஏழடி உயரத்துல தயங்காம போடறான். அது 35, 36 சதவீதத்துக்கு வந்துட்டா மத்தவங்களுக்கு ஓட்டறதுக்கு வழி தானா திறக்கும், எங்களுக்கு பீஸ்லி பண்ணிக் குடுத்ததை உங்க சென்டரே பண்ணுவான். காரிங்டன் முதல் வருஷமே 82 மேட்சும் ஆடியிருக்கான், அந்த உடம்பும் பிடிவாதமும் எல்லாருக்கும் வராது. அவன் கைல பந்து எவ்ளோ நேரம் இருக்கு, நாலாவது குவார்ட்டர்ல பந்தை அவன் கிட்ட நம்பிக் குடுக்கறாங்களான்னு பாருங்க. கைஷான் ஜார்ஜ் 24வது பிக், எனக்கு அவன் டிஃபென்ஸ் ரொம்பப் பிடிக்கும்.

சலீம் சொன்ன கவலைக்கு உங்க மேனேஜ்மென்ட் கொஞ்சமாவது பதில் யோசிச்சிருக்கு, பிப்ரவரில மிடில்டனையும் மார்கஸ் ஸ்மார்ட்டையும் எடுத்துட்டு வந்தது அதுக்குத்தான்னு நினைக்கறேன். ஸ்மார்ட் மாதிரி ஆள் ப்ராக்டிஸ்ல ஒரு பையனையும் சோம்பேறியா நிக்க விட மாட்டான். அவங்களை வெறும் சம்பளக் கணக்குக்காக வச்சிருக்காங்களா, இல்ல உண்மையிலயே நிமிஷம் குடுத்து பசங்களோட ஆட விடறாங்களான்னு நவம்பர்லயே தெரிஞ்சுரும். பையனைக் கூட்டிட்டு மேட்சுக்குப் போங்க, டிக்கெட் மலிவா கிடைக்கற வருஷம் இதுதான். எங்க ஊர்ல ப்ளேஆஃப் டிக்கெட் விலையைப் பாத்து நாங்க வீட்ல டிவிலதான் பாத்தோம்.